ஒன்பது அடி

ஷாலினி மேரி பொன்வயல் நகருக்குக் குடிவந்த அன்று அந்த நகரில் வேறு வீடே கிடையாது. வீடு மந்திரிக்க வந்த ஃபாதர், பெரம்பலூர்–அரியலூர் சாலையில் நுழைவு வளைவைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் போய்விட்டுப் போனில் கூப்பிட்டார். "நகர்னு சொன்னீங்க, இங்க ரெண்டு பக்கமும் மக்காச்சோளமால்ல இருக்கு?" என்றார். அவள் கணவன் பெனடிக்ட் பைக்கை எடுத்துக்கொண்டு போய் அவரைத் திருப்பி அழைத்து வந்தான். வளைவில் நகரின் பெயரைத் தங்க நிறத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு நீரூற்றின் படம் போட்டிருந்தது. உள்ளே நூற்றுப் பன்னிரண்டு மனைகளுக்கான வெள்ளைக் கற்களும் இந்த ஒரு வீடும் நின்றன. அது இரண்டாயிரத்துப் பதிமூன்றாம் வருடம்.

ஷாலினி மேரிக்குச் சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பெனடிக்ட் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எலெக்ட்ரீஷியன். இருவருக்கும் பொதுவாக நடுவில் ஓர் இடம் வேண்டும் என்று தேடியதில் இந்த மனை அமைந்தது. முப்பத்தேழாம் எண். வரிசையில் கடைசி. அதற்குக் கிழக்கே வெற்றிடம். பூங்காவுக்கு என்று விட்டது. அப்போது அங்கே சீமைக் கருவேலம் மட்டும் வளர்ந்திருந்தது.

முதல் நாலு வருடம் சுலபமாக இல்லை. பஸ் நிற்காது. "அங்க ஸ்டாப்பிங் இல்லம்மா, முன்னாடி எறங்கிக்கிட்டு நடந்துக்குங்க" என்பார் கண்டக்டர். தண்ணீர் லாரியில் வந்தது. கரிசல் மண், வெயில் காலத்தில் பிளந்து மழைக் காலத்தில் உப்பும். சுவரில் விரிசல் விட்டுக்கொண்டே இருந்தது. ஒரு முறை மகள் ஜெனிதாவின் பள்ளிக்கூட ஷூவுக்குள் கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது. ஐந்து வயதுப் பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஷூ மூச்சு விடுது" என்று கூப்பிட்டது. பெனடிக்ட் அன்றே இடத்தை விற்றுவிடலாம் என்றான். ஷாலினி மேரி அடுத்த நாளிலிருந்து ஷூவை அலமாரியில் பூட்டி வைத்தாள்.

அவள் அப்படித்தான். எதற்கும் அதிகம் பதற மாட்டாள். பரிசோதனை நிலையத்தில் காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். ஒரு தடவை பள்ளி வேன் ஓட்டுகிற ஆள் ஒருவர் வந்து, சர்க்கரை அளவைக் கொஞ்சம் குறைத்து எழுதித் தரும்படி கேட்டார். இல்லையென்றால் வேலை போய்விடும் என்று கண் கலங்கினார். "மிஷின்ல என்ன வருதோ அததான் எழுத முடியும்ங்க. ஒரு மாசம் மாத்திரைய ஒழுங்கா சாப்ட்டுட்டு வாங்க, நானே மறுபடி பாத்துத் தரேன்" என்றாள். அவர் திட்டிவிட்டுப் போனார். மறு மாதம் வந்தார்.

நகர் மெல்ல நிறைந்தது. வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மகன் வெளிநாட்டில் இருக்கிறவர்கள், கல்லூரியில் வேலை பார்க்கிறவர்கள், பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தவர்கள். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் அறுபத்து மூன்று வீடுகள். நலச் சங்கம் ஒன்று வந்தது, வாட்ஸப் குழு வந்தது. தனியார் கல்லூரி ஆபீசில் வேலை பார்த்த கோகுலகிருஷ்ணன் சங்கச் செயலாளர் ஆனார். சுறுசுறுப்பான மனிதர். பஸ் நிற்பதற்கும் தெருவிளக்கிற்கும் அலைந்தவர் அவர்தான்.

அந்த வருடம் ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் மதியம், ஷாலினி மேரி வேலை முடிந்து வந்தபோது வீட்டுக்குக் கிழக்கே ஜேசிபி நின்றது. கருவேலங்காடு மொத்தமாகப் போய்விட்டிருந்தது. மூன்றாம் நாள் அங்கே புதிதாக வெள்ளைக் கற்கள் நட்டார்கள். எண்ணிப் பார்த்தாள். எட்டு மனைகள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோகுலகிருஷ்ணன் வீட்டுக் கார் ஷெட்டில் கூட்டம் போட்டார்கள். முப்பது பேர் இருக்கும். லேஅவுட் போட்டவர் பூங்கா இடத்தையே விற்கிறார் என்று எல்லாரும் சத்தம் போட்டார்கள். ஆனால் யார் கையிலும் ஒரு காகிதம் இல்லை.

"அப்ரூவல் ஆன ஒரிஜினல் பிளான் நமக்கு வேணும்" என்றார் கோகுலகிருஷ்ணன். "தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேக்கலாம். யாராச்சும் ஒருத்தர் பேர் குடுக்கணும்."

சத்தம் அடங்கிவிட்டது. ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார். இன்னொருவர் அரசாங்க வேலையில் இருப்பதால் தன்னால் முடியாது என்றார்.

"அக்கா, நீங்க போடுங்களேன்" என்றார் கோகுலகிருஷ்ணன். "ஒங்க வூட்டுக்குப் பக்கத்து எடம். அதோட எந்த ஆபீசுக்குப் போனாலும் ஒங்களத் தெரியாத ஆளு இருக்க மாட்டான். எல்லாரும் ஒங்ககிட்ட ரத்தம் குடுத்தவந்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஷாலினி மேரியும் சிரித்துவிட்டுச் சரி என்றாள். மறுநாள் அவளே கைப்பட எழுதி, கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினாள். முப்பத்து நாலாம் நாள் பதில் வந்தது. தடித்த உறைக்குள் எட்டாக மடித்த வரைபடம்.

வீட்டுக்கு எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். மடிப்பு நிமிர மாட்டேன் என்றது. மூலைக்கு ஒரு டம்ளரை வைத்தாள். பூங்கா என்று தமிழில் தெளிவாகப் போட்டிருந்தது. ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த பத்திரத்தின் எண்கூட ஓரத்தில் இருந்தது. அவளுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அடுத்தாற்போல் தன் மனையைத் தேடினாள். முப்பத்தேழு. நாற்பது அடி அகலம், அறுபது அடி நீளம்.

நாற்பது என்றதும் ஏதோ இடித்தது. வீடு முப்பதடி என்று கட்டும்போது கேட்ட நினைவு. மேற்கே மூன்றடி சந்து. கிழக்கே பாத்ரூம், துணி துவைக்கிற கல், ஒரு எலுமிச்சை மரம், பிறகு நாலு வருடத்துக்கு முன்னால் ஜெனிதாவுக்கென்று இழுத்துக் கட்டிய அறை. நாற்பதுக்குள் இவ்வளவும் எப்படி அடங்கும்?

பெனடிக்டின் டூல் பையிலிருந்து டேப்பை எடுத்தாள். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த ஜெனிதாவை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள். சுவருக்குச் சுவர் நாற்பத்தொன்பது அடி. மறுபடி அளந்தாள். பிறகு எதிர் முனையிலிருந்து அளந்தாள். வேலையில் ஏதாவது ஒரு அளவு நம்ப முடியாமல் வந்தால் அதே சாம்பிளை மூன்று தடவை ஓட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். மூன்று தடவையும் நாற்பத்தொன்பதுதான்.

பெனடிக்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாள்.

"நம்ம மனை எத்தன அடிங்க அகலம்?"

"நாப்பது."

"நாப்பத்தொம்போது இருக்கு."

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். தலை நிமிரவில்லை. "காம்பவுண்டு போடையில சைட் மேனேஜர் ஜெயசீலன்தான் சொன்னான். 'அந்தப் பக்கம் பார்க்குதாண்ணே, சும்மாதான் கெடக்கும், கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க, யாரு கேக்கப் போறா'ன்னான். மொத வூடு கட்டுறவங்களுக்குச் சலுகைன்னான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ போட வுட்டுருப்பியா?"

அவள் ரசத்தை எடுத்து ஊற்றினாள்.

இரண்டு நாள் கழித்து ஜெயசீலனே வந்தான். அவள் மனுப் போட்டது எப்படியோ தெரிந்திருந்தது. கையில் ஒரு சீப்பு பழம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஜெனிதாவின் படிப்பு பற்றி விசாரித்துவிட்டுப் பேச்சை எடுத்தான்.

"அக்கா, நீங்க பிளான் கேட்டதுல தப்பே இல்ல. ஆனா சர்வேயர் வந்தார்னா ஒங்க செவுத்துலேருந்துதான அளக்க ஆரம்பிப்பாரு? அது ஒங்களுக்குத்தான் சங்கடம். நான் மொதலாளிகிட்ட பேசிட்டேன். அந்த ஒம்போது அடியையும் ஒங்க பேருக்கே எழுதிக் குடுத்துடுறோம். நீங்க இந்தக் காயிதத்த உள்ள வச்சுட்டு மறந்துடுங்க."

"பழம் வேண்டாம் தம்பி, எடுத்துட்டுப் போங்க" என்றாள் ஷாலினி மேரி. வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம், அந்த ஒன்பது அடி எழுதி வந்தால் ஜெனிதாவின் அறை அப்படியே இருக்கும் என்ற நினைப்பு அவளுக்கும் வந்ததுதான்.

ஒரு வாரம் அதைச் சுமந்துகொண்டு திரிந்தாள். பரிசோதனை நிலையத்தில் சில நாள் ஒருவருடைய ரிப்போர்ட் மோசமாக வந்திருக்கும். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்து ஆளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். இவள் கையில் காகிதம் இருக்கும். நகருக்குள் நடக்கும்போது அவளுக்கு அப்படி இருந்தது. "பிளான் வந்துச்சாக்கா?" என்று பால் வாங்கும் இடத்தில் கேட்டார்கள். வந்துவிட்டது என்றாள். கோகுலகிருஷ்ணனிடம் ஒரு நகல் கொடுத்தாள்.

ஒரு காலையில் பெனடிக்டிடம் டீயைக் கொடுத்துவிட்டு, "செவுத்த இடிச்சுட்டு கலெக்டர்கிட்ட மனு குடுத்துடலாங்க" என்றாள்.

"ஒனக்கென்ன பைத்தியமா? இந்த நகர்ல எவன் கோட்டுக்குள்ள கட்டியிருக்கான்? பாதிப் பேரு வாசப்படி ரோட்டுலதான் கெடக்கு."

"ஆமா. அவங்க யாரும் மனு குடுக்கல. நாமதான குடுக்கப் போறோம்?"

பதினோரு நாள் அவன் அவளிடம் பேசவில்லை. டபுள் ஷிஃப்ட் போட்டுக்கொண்டான். பன்னிரண்டாம் நாள் வாட்ஸப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. அவர்கள் வீட்டுக் கிழக்குச் சுவரின் படம், பக்கத்தில் வரைபடத்தின் ஒரு துண்டு. "பூங்கா இடத்தைத் திருடியவர்களே பூங்காவுக்குப் போராடுகிறார்கள்" என்று கீழே எழுதியிருந்தது. அனுப்பியவர் நாலாவது தெருக்காரர். அவருக்கும் இவர்களுக்கும் பழக்கம்கூடக் கிடையாது. பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். கோகுலகிருஷ்ணன் அதில் ஒருவர்.

பெனடிக்ட் அதை ஆலை கேண்டீனில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கொத்தனாரு நாளைக்கு வராரு. இடிச்சுடலாம். இனிமே எவனும் போட்டோ எடுக்க இங்க ஒன்னும் இருக்கக் கூடாது."

அவள் நினைத்த காரணம் வேறு, அவன் சொன்ன காரணம் வேறு. அதை அவள் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ள முயலவில்லை.

இடிக்க இரண்டு நாள் ஆனது. சுவர் விழுந்தது, பாத்ரூம் விழுந்தது. எலுமிச்சை காய்த்திருந்தது, மரத்தை வெட்ட வேண்டாம், பார்க்குக்கே இருக்கட்டும் என்று விட்டார்கள். பாத்ரூம் தரையைப் பெயர்த்தபோது கொத்தனார், "தோ, கல்லு இங்கல்ல இருக்கு" என்று கூப்பிட்டார். பழைய வெள்ளைக் கல், முப்பத்தேழு என்ற எண்ணோடு, சிமெண்டுக்கு அடியில் புதிதுபோல இருந்தது. பெனடிக்ட் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டான். புதுச் சுவரை அந்தக் கோட்டுக்குள் எழுப்பினார்கள்.

ஜெனிதாவின் அறைதான் கஷ்டமாகப் போயிற்று. எல்லைக்கோடு அதன் நடுவாகப் போனது. சுவரில் ஒட்டியிருந்த தனிம அட்டவணையை அவள் கிழியாமல் உரித்துச் சுருட்டிக்கொண்டாள். "பாதி ரூம் நம்மளுதுதானம்மா? அந்தப் பாதில இருந்துக்கறேன்" என்றாள். அந்தப் பாதி ஐந்தடி அகலம். கட்டில் போட்டதும் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் நடக்க முடிந்தது. ஷாலினி மேரி அன்று அடுப்படியில் கொஞ்ச நேரம் அழுதாள். எதற்காக என்று யாராவது கேட்டிருந்தால் அறைக்காக என்றுதான் சொல்லியிருப்பாள்.

நகர்க்காரர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். இரண்டாவது தெருப் பெண் ஒருத்தி மட்டும் வந்து, பாத்ரூம் கதவு வேண்டியதில்லை என்றால் தான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். ஷாலினி மேரி கொடுத்தாள்.

அடுத்த திங்கள்கிழமை பெரம்பலூர் கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம். அவள் மட்டும் போனாள். வரிசையில் நின்று, வரைபடத்தின் நகலையும் இடித்த சுவரின் போட்டோவையும் மனுவோடு சேர்த்துக் கொடுத்தாள். மூன்று வாரத்தில் சர்வேயர் வந்தார். ஜெயசீலன் சொன்னது சரிதான்; சர்வேயர் இவர்கள் வீட்டுச் சுவரிலிருந்துதான் அளக்க ஆரம்பித்தார். புதுச் சுவர் கோட்டுக்கு மூன்று அங்குலம் உள்ளேயே இருந்தது. "யாரும்மா அளந்தது?" என்றார். "எம் வூட்டுக்காரருதான் சார்" என்றாள்.

எட்டு மனைகளும் செல்லாது என்று ஆயிற்று. ஆனால் அதில் ஒன்றைக் குன்னத்துப் பக்கமிருந்து ஒரு வாத்தியார் குடும்பம் ஏற்கெனவே வாங்கிப் பூஜை போட்டிருந்தது. அந்த அம்மாள் ஷாலினி மேரி வீட்டு வாசலில் வந்து நின்று, "ஒங்களுக்கு வூடு இருக்கு, நாங்க எங்க போறது? எங்க எடத்தப் புடுங்கிட்டீங்களே" என்று கத்தினாள். ஷாலினி மேரி அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வரைபடத்தின் நகல் ஒன்றை எடுத்து வந்து போலீசில் புகார் எப்படி எழுத வேண்டும் என்று சொன்னாள். அந்த அம்மாள் தண்ணீரைக் குடிக்காமல் காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். ஏழெட்டு மாதம் கழித்து லேஅவுட்டின் பின்பக்கத்தில் அவர்களுக்கு வேறு மனை மாற்றிக் கொடுத்ததாகக் கேள்வி.

இன்னொன்றும் நடந்தது. வந்த சர்வேயர் தெருக்களையும் சேர்த்து அளந்துவிட்டார். பதினோரு வீடுகளுக்கு நோட்டீஸ் வந்தது. சிலருக்குப் படி, சிலருக்குச் செப்டிக் டேங்க். கோகுலகிருஷ்ணனுக்கு அந்தக் கார் ஷெட். மூன்றடி ரோட்டில் இருந்தது. தகரத்தை அறுத்துச் சுருக்கினார். கார் இப்போது பாதி வெயிலில் நிற்கிறது. ஷாலினி மேரியைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். பெனடிக்டை நீக்க மறந்துவிட்டார்கள். தண்ணீர் எப்போது வரும், கரண்ட் எப்போது போகும் என்பதையெல்லாம் அவள் அவன் போனில் பார்த்துக்கொண்டாள்.

கோகுலகிருஷ்ணனின் தாயாருக்குச் சர்க்கரை. மாதம் ஒரு தடவை அவர்தான் பரிசோதனை நிலையத்துக்கு அழைத்து வருவார். முன்பெல்லாம் உள்ளே வந்து பேசிக்கொண்டிருப்பார். பிறகு வாசலிலேயே நின்றார். அந்த அம்மாளின் நரம்பு மெலிந்து போய்க் கைக்கு அகப்படாமல் நழுவும். ஷாலினி மேரி வெந்நீர்ப் பையை ஒத்திக் கொடுத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுப்பாள். "என் மவன் ஒன்ட்ட பேசறதில்லியாமே, ஏன்டி?" என்று அந்த அம்மாள் ஒரு நாள் கேட்டாள். "வேல இருக்கும்மா அவருக்கு" என்றாள் ஷாலினி மேரி.

பெனடிக்ட் வடக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பாத்ரூம் கட்டினான். அவன் செய்தது சரியா, அவள் செய்தது சரியா என்று இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. அடுத்த மழைக்குக் கரிசல் உப்பி நகரில் நாலைந்து காம்பவுண்டு சுவர்கள் சாய்ந்தன. அதைப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம பழைய செவுரு இருந்திருந்தா அதுதான் மொதல்ல வுழுந்திருக்கும். அஸ்திவாரம் பத்தல" என்றான். சமாதானம் என்று எடுத்துக்கொள்ளலாம். அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

பூங்கா வரவில்லை. இந்த இடம் ஊராட்சிக்குச் சொந்தமானது என்று ஒரு போர்டு வந்தது. ஒன்றரை வருடம் போர்டு மட்டும் இருந்தது. பிறகு ஒரு மூலையில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வருகிறது. லாரி வருவது நின்றுவிட்டது. மீதி இடத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். காலையில் தொட்டியின் நிழல் வீட்டின்மேல் விழுவதால் சமையலறையில் ஒன்பது மணி வரைக்கும் லைட் போட வேண்டியிருக்கிறது. ஜெனிதா அந்த ஐந்தடி அறையிலேயே ப்ளஸ் டூ முடித்துத் திருச்சியில் கல்லூரிக்குச் சேர்ந்தாள். அறையில் இப்போது அரிசி மூட்டையும் மிக்ஸியும் இருக்கின்றன.

போன வருடம் முப்பத்தைந்தாம் மனையில் இலக்கியா என்ற பெண் வீடு கட்ட ஆரம்பித்தாள். ஜெயங்கொண்டத்துப் பெண். கணவன் சிங்கப்பூரில். கட்டட வேலையை அவள் ஒருத்திதான் நின்று பார்த்தாள். ஒரு நாள் ஷாலினி மேரியைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"ஒங்ககிட்ட பிளான் இருக்குதாமேக்கா. கொத்தனாரு முன்பக்கம் ஒரு ரெண்டடி தள்ளிப் போட்டுக்கலாம்னு சொல்றாரு. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்களாம். தள்ளிப் போட்டா என்னக்கா ஆகும்?"

ஷாலினி மேரி கொஞ்சம் யோசித்தாள்.

"ஒன்னும் ஆகாதும்மா. பத்து வருஷத்துக்கு ஒன்னும் ஆகாது" என்றாள். பிறகு வரைபடத்தை எடுத்து வந்து விரித்தாள்.

இலக்கியா அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனாள். காம்பவுண்டு சரியாகக் கோட்டிலேயே வந்தது. வண்டி ஏற்றுகிற சாய்தளம் மட்டும் ஒன்றரை அடி ரோட்டில் இருக்கிறது.